நாள் முழுதும் சார்ஜ் நிற்கும் சிறிய மடிக்கணினியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிறிய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்?’ என்பதைத்தான். விற்பனையாளர் சொல்லும் பதில் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணாகவே இருக்கும். அந்த எண் பொய்யன்று. ஆனால் அது எடுக்கப்பட்ட சூழ்நிலை நம்முடைய மேசையில் அமைவது அரிது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கணினியிலேயே சேமித்து வைத்த ஒரு படத்தை, வேறெந்த மென்பொருளும் இயங்காத நிலையில் திரும்பத் திரும்ப ஓட்டி, பேட்டரி தீரும் வரை அளக்கும் முறை பல நிறுவனங்களில் வழக்கத்தில் உள்ளது. படம் ஓட்டுவதற்கென்றே இன்றைய புராசசர்களில் தனிச் சுற்று இருப்பதால், அந்த வேலைக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இடையில் ஒரு காணொளிக் கூட்டத்திலும் கலந்துகொள்கிறவருக்கு அந்த எண்ணில் பாதி கிடைத்தாலே அது நல்ல கணினிதான்.

ஆகவே, சொல்லப்படும் மணி நேரத்தை அப்படியே ஏற்காமல், அதற்கான கணக்கை நாமே போட்டுப் பார்த்துவிட வேண்டும். கணக்கு எளியது. பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணியில் எடுத்துக்கொண்டு, கணினி சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கிடைக்கும். 50 வாட்-மணி பேட்டரியுள்ள கணினி 5 வாட் இழுத்தால் 10 மணி நேரம் நிற்கும். 12 வாட் இழுக்கும் வேலையை அதில் செய்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். சிறிய கணினியில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடையாது. எனவே, எவ்வளவு கொள்கிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு குறைவாக இழுக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே இங்கே பலன் தரும்.

முதல் படி: தேவையை வாட்-மணியாக எழுதிக்கொள்ளுங்கள்

பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 13 அல்லது 14 அங்குலத் திரையும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அமைப்பும் கொண்ட கணினியில் எழுதுவது, படிப்பது, மின்னஞ்சல் பார்ப்பது போன்றவற்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 வாட் செலவாகும். காணொளிக் கூட்டத்தில் கேமரா, மைக், வைஃபை மூன்றும் ஓய்வின்றி இயங்குவதால் அது 10 முதல் 15 வாட் வரை ஏறும். வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்று போனால் 20 வாட்டைத் தாண்டிவிடும். அவற்றைப் பேட்டரியில் மணிக்கணக்கில் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சிறிய கணினி ஏற்றதன்று.

ஒரு கல்லூரி மாணவி வகுப்பில் 4 மணி நேரம் குறிப்பெடுக்கிறார், பிறகு ஒன்றரை மணி நேரம் இணைய வகுப்பில் அமர்கிறார் என்று கொள்வோம். குறிப்பெடுக்க 6 வாட் வீதம் 24 வாட்-மணி, இணைய வகுப்புக்கு 12 வாட் வீதம் 18 வாட்-மணி, ஆக மொத்தம் 42 வாட்-மணி தேவை. லித்தியம்-அயன் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆன பிறகு தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவது இயல்பு என்பதால், 42-ஐ 0.8-ஆல் வகுத்து, 53 வாட்-மணிக்குக் குறையாத பேட்டரியைத் தேடுவதே அவருக்குச் சரி. வாங்கிய அன்று போதுமானதாக இருப்பது இரண்டாம் ஆண்டில் போதாமல் போவதற்கு, இந்த வகுத்தலைச் செய்யாமல் விடுவதே பெரும்பாலும் காரணம்.

பயணத்துக்கும் மின்வெட்டுக்கும் கணக்குச் சற்று வேறு. இந்திய ரயில்கள் பலவற்றில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் முனைகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவது உண்டு என்பதால், இரவு வண்டியில் வேலை செய்ய நினைப்பவர் ஏறும்போதே முழுச் சார்ஜுடன் ஏற வேண்டும். இலங்கையில் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, மடிக்கணினியில் சார்ஜ் இருந்தும் வீட்டு ரவுட்டர் அணைந்துபோனால் பயனில்லை என்பது பலருக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து இணையம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசி அந்தக் கம்பி வழியே கணினியிலிருந்து சார்ஜும் ஏறிக்கொள்ளும். 5 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த கணினியின் செலவு அந்த ஒரு கம்பியாலேயே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடலாம். வைஃபை ஹாட்ஸ்பாட்டாக இணைத்தால் இந்தச் செலவு கணினிக்கு இல்லை.

இரண்டாம் படி: பேட்டரியின் உண்மையான கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள்

கைப்பேசிப் பழக்கத்தால் பலரும் மில்லி ஆம்பியர்-மணியைக் கேட்கிறார்கள். மடிக்கணினிகளில் மின்னழுத்தம் மாடலுக்கு மாடல் மாறுவதால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. அதை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் வாட்-மணி கிடைக்கும். 7.7 வோல்ட்டில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் பேட்டரியில் இருப்பது 38.5 வாட்-மணி, 11.4 வோல்ட்டில் 4,400 என்று போட்டிருப்பதில் இருப்பது 50 வாட்-மணி. எண் சிறியதாகத் தெரிவதுதான் இங்கே பெரிய பேட்டரி. ‘3 செல்’, ‘4 செல்’ என்ற விளம்பரமும் இதே போன்றதுதான். செல்களின் எண்ணிக்கையை விடுத்து, உற்பத்தியாளரின் இணையதளத்தில் உள்ள விவரக்குறிப்பில் வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் மாடலிலேயே விலை குறைந்ததில் சிறிய பேட்டரியும் விலை கூடியதில் பெரிய பேட்டரியும் வைக்கும் வழக்கம் இருப்பதால், பெயரைப் பார்க்காமல் முழு மாடல் எண்ணைக் கொண்டே தேட வேண்டும். வாட்-மணியை எங்குமே வெளியிடாத கணினியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானத்தில் செல்பவர்களுக்கு 100 வாட்-மணி வரையிலான பேட்டரிக்கு முன் அனுமதி தேவையில்லை. 13, 14 அங்குலக் கணினிகளில் பெரும்பாலானவை 40 முதல் 75 வாட்-மணிக்குள் அடங்கிவிடுவதால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: புராசசரைப் பொறுத்தே மற்றதெல்லாம்

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்டெல் புராசசருடன் வந்த ஆப்பிளின் மேக்புக் ஏரிலும், அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 புராசசருடன் வந்த மேக்புக் ஏரிலும் இருந்தது ஒரே அளவு பேட்டரி: 49.9 வாட்-மணி. இணையப் பயன்பாட்டில் முன்னது 11 மணி நேரமும் பின்னது 15 மணி நேரமும் நிற்கும் என்று ஆப்பிள் அறிவித்தது. நம் கணக்கின்படி வகுத்தால், முன்னது சராசரியாக 4.5 வாட் இழுத்திருக்கிறது, பின்னது 3.3 வாட். பேட்டரியைத் துளியும் பெரிதாக்காமல் நான்கு மணி நேரம் கூடியது. கணினிக்குள் இருந்த மின்விசிறியும் தேவையற்றுப் போனது. பேட்டரி பெரியதா என்று மட்டும் கேட்டு வாங்குவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விண்டோஸ் கணினிகளில் புராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் ‘யு’ என்று முடிபவை குறைந்த மின்செலவுக்கானவை. ‘எச்’, ‘எச்எக்ஸ்’ என்று முடிபவை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை, அவற்றைச் சிறிய கணினியில் போட்டால் சூடும் விசிறிச் சத்தமும் கூடவே வரும். 2024 செப்டம்பரில் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசை, அதாவது பெயர் ‘வி’ என்று முடியும் புராசசர்கள், இன்டெல் கணினிகளில் பேட்டரிக்காகத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை. அவற்றில் ராம் எனும் தற்காலிக நினைவகம் புராசசருடனேயே பொதிந்து வருவதால், 16 ஜி.பி.யா 32 ஜி.பி.யா என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு கூட்ட வழியில்லை. ஏ.எம்.டி.யின் ரைசனிலும் ‘யு’ என்று முடிபவையே நமக்கு உரியவை.

குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் புராசசர் கொண்ட விண்டோஸ் கணினிகள் 2024 ஜூனிலிருந்து விற்பனையில் உள்ளன. பேட்டரி நிற்பதில் இவை மிக நல்லவை. சார்ஜரைக் கழற்றிய பிறகும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் இவை ஆர்ம் என்ற வேறு கட்டமைப்பைச் சேர்ந்தவை. பழைய விண்டோஸ் மென்பொருள்கள் பலவும் இடைமாற்றி ஒன்றின் உதவியால் இவற்றில் ஓடிவிடும். ஆனால் பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்னும் மென்பொருள்கள் அப்படி ஓடா. கணினியில் செருகும் கருவி எதுவாயினும், அதற்கு ஆர்ம் விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவர் இருந்தாக வேண்டும். பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, ஜி.எஸ்.டி. அல்லது வருமான வரித் தாக்கலுக்குப் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்கிறவர்கள், அவற்றைத் தயாரித்தவரின் தளத்தில் அந்த டிரைவர் இருப்பதை உறுதி செய்யாமல் இந்தக் கணினிகளின் பக்கம் போக வேண்டாம். இணையத்திலேயே எல்லா வேலையும் முடிகிற மாணவருக்கோ எழுத்தாளருக்கோ இந்தத் தடை ஏதுமில்லை.

விலை குறைந்த பிரிவில் இன்டெல் என்100 போன்ற, 6 வாட் அளவில் இயங்கும் புராசசர்கள் உண்டு. தட்டச்சு, உலாவல், பாடக் காணொளி ஆகியவற்றுக்கு இவை போதும். சிக்கல் புராசசரில் இல்லை. அதைச் சுற்றி வைக்கப்படுபவற்றில் இருக்கிறது. 4 ஜி.பி. ராம், மங்கலான திரை, 30 வாட்-மணி அளவிலான பேட்டரி ஆகியவற்றுடன் வரும்போது, குறைவாக இழுக்கும் புராசசர் இருந்தும் நேரம் கிடைப்பதில்லை. 8 ஜி.பி. ராம் இல்லாத விண்டோஸ் கணினியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிடலாம். இதே விலையில், விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்கும் குரோம்புக் கிடைத்தால் அதையும் பாருங்கள். கூகுள் அவற்றுக்கு அந்தக் கணினித் தளம் வெளியான நாளிலிருந்து 10 ஆண்டுகள் வரை தானியங்கிப் புதுப்பிப்பு தருகிறது. பத்தாண்டு என்பது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை என்பதால், கடையில் நெடுநாள் கிடந்த பழைய மாடலாக இருந்தால் புதுப்பிப்பு முடியும் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: திரை

எழுதும்போதும் படிக்கும்போதும் புராசசர் பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கிறது. திரை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. 14 அங்குலத் திரை நடுத்தர வெளிச்சத்தில் 2 முதல் 4 வாட் வரை எடுக்கும். மொத்தச் செலவே 5, 6 வாட்டாக இருக்கும் கணினியில் இது பாதி. எனவே, புள்ளிகள் மிகுந்து அதிக மின்சாரம் இழுக்கும் 4கே திரை இந்த அளவுக் கணினியில் வீண்செலவு, 1920×1200 புள்ளிகள் போதும். ஆனால் அதற்கும் கீழே இறங்க வேண்டாம். 1366×768 திரையில் ஆங்கிலம் ஒருவாறு தெரிந்தாலும், தமிழ் எழுத்துகளின் புள்ளியும் சுழியும் சிறிய அளவில் கலங்கிவிடும்; ‘ஞ’, ‘ஙு’, ‘ணி’ போன்றவற்றைப் படிக்க எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், பெரிதாக்கினால் பக்கத்தில் வரிகள் குறைந்துபோகும்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை அழகானது. கறுப்புப் பின்னணியில் அதன் மின்செலவு குறைவு, வெள்ளைப் பின்னணியில் அதிகம். நாள் முழுதும் வெள்ளை ஆவணத்தில் எழுதுகிறவருக்குச் பின்னாலிருந்து விளக்கொளி வரும் சாதாரண ஐபிஎஸ் திரையே சிக்கனமானது. நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால், பேட்டரியில் இயங்கும்போது அதை 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துக்கொள்ளலாம். திரையின் உச்ச வெளிச்சம் 300 நிட்டுக்கு (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) குறையாமல் இருக்கட்டும். திண்ணையிலும் மரத்தடியிலும் அமர்ந்து வேலை செய்வோருக்கு 400 நிட்டும் மினுங்காத மேற்பரப்பும் வேண்டும். மங்கலான திரையை வெளிச்சத்தில் பார்க்க முழு அளவுக்கு ஏற்றி வைப்பதால் செலவாகும் சார்ஜ், நல்ல திரையைப் பாதி அளவில் வைத்தால் மிஞ்சும்.

எடையைப் பொறுத்தவரை, 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் தோள்பையில் தினமும் சுமக்கலாம். சார்ஜரின் எடையையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். 13 அங்குலத்துக்கும் கீழே போனால் விசைப்பலகை நெருங்கிவிடும் என்பதால், தட்டச்சு செய்வதே தொழிலாக உள்ளவர்கள் கடையில் பத்து வரியாவது அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஐந்தாம் படி: சார்ஜர்

யுஎஸ்பி-சி முனை வழியே சார்ஜ் ஏறுகிறதா என்று கேளுங்கள். அந்த வடிவில் முனை இருப்பதாலேயே சார்ஜ் ஏறும் என்று பொருளில்லை. சில மலிவுக் கணினிகளில் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டுமே. விவரக்குறிப்பில் ‘பவர் டெலிவரி’ என்று இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் இது கட்டாயமாகிறது என்பதால், வருங்காலத்தில் எங்கும் எளிதில் கிடைக்கப்போவதும் இந்தச் சார்ஜர்தான். சிறிய கணினிகளுக்கு 45 அல்லது 65 வாட் சார்ஜர் போதும். அதே சார்ஜரில் கைப்பேசியையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் பையில் ஒன்று குறையும்.

பவர் பேங்கும் இதனால் பயன்படும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் இருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றுவதில் ஆகும் இழப்பு போக, 60 வாட்-மணி அளவு கணினிக்குக் கிடைத்தால் நல்லது. அது 45 வாட்டாவது வெளியிட வல்லதாக இருக்க வேண்டும். கைப்பேசிக்கென்று விற்கப்படும் 18 வாட் பவர் பேங்க், வேலை நடந்துகொண்டிருக்கும் கணினிக்கு ஈடு கொடுப்பதில்லை, சில கணினிகள் அதை ஏற்பதே இல்லை. விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும்.

பழைய கணினி வாங்குவதானால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஓடக்கூடிய, அதாவது இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த கணினிகளையே பாருங்கள். 2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480-ஐ இன்றும் பலர் தேடி வாங்குவதற்குக் காரணம் உண்டு. அதில் உள்ளே 24 வாட்-மணி பேட்டரி ஒன்றும், வெளியே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி ஒன்றும் இருப்பதால், கணினியை அணைக்காமலேயே வெளிப் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். வெளிப் பேட்டரி 72 வாட்-மணி வரை கிடைக்கிறது. அந்தக் கணினியைச் சிறியதென்று சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

பழைய கணினியை வாங்குமுன் பேட்டரி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லையும் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளையும் இடைவெளியின்றி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோட்டையும் அதையொட்டிப் பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒரே சொல்லாகவும் அடித்தால் (powercfg /batteryreport), கணினி ஓர் அறிக்கையைச் சேமித்து, அது எங்கே இருக்கிறது என்பதையும் காட்டும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுச் சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு வரிகள், மில்லி வாட்-மணி கணக்கில், இருக்கும். முதல் வரியில் 50,000, இரண்டாம் வரியில் 36,000 என்று இருந்தால் பேட்டரியில் 72 சதவீதம்தான் எஞ்சியுள்ளது என்று பொருள். புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். அறிக்கை நன்றாக இருந்தாலும் கணினியை மூடி, சமமான மேசையில் வைத்து மூலைகளை மெல்ல அழுத்திப் பாருங்கள். அடிப்பகுதி ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பிச் சொடுக்க மறுத்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

வாங்கிய முதல் வாரம்

கட்டணம் செலுத்துமுன் உத்தரவாத அட்டையில் பேட்டரிக்கென்று தனி வரி இருக்கிறதா என்று படியுங்கள். கணினிக்கு மூன்று ஆண்டு என்று விற்கப்படும் உத்தரவாதத்திலும் பேட்டரிக்கு ஓராண்டு மட்டுமே இருப்பது சாதாரணம். உங்கள் ஊரிலோ அருகிலுள்ள நகரத்திலோ சேவை மையம் இருக்கிறதா, அங்கே இந்த மாடலின் பேட்டரியை மாற்ற என்ன ஆகும் என்பதையும் அப்போதே தொலைபேசியில் கேட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும், பொருளைத் திருப்பித் தர அனுமதிக்கும் நாள்கள் முடிவதற்குள், நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். புதுப்பிப்புகள் எல்லாம் இறங்கி முடியும் வரை ஒரு நாள் விட்டுவிடுங்கள். முதல் நாளில் பின்னணி வேலைகளால் சார்ஜ் வேகமாக இறங்கும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மறுநாள் முழுச் சார்ஜ் ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். 90 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அதை இரண்டரையால் பெருக்கினால் உங்கள் கையில் இந்தக் கணினி நிற்கும் நேரம் கிடைக்கும். இரவில் மூடி வைத்துக் காலையில் திறக்கும்போது எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். புதிய விண்டோஸ் கணினிகள் சில, மூடிய பிறகும் இணையத்தோடு தொடர்பில் இருந்து, பையிலேயே சூடாகிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், மூடியதும், வேலையைச் சேமித்துவிட்டு அணைந்துவிடும் ஹைபர்னேட் நிலைக்குப் போகும்படி அமைப்பை மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

பெரும்பாலும் மேசையிலேயே சார்ஜரில் போட்டு வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதை இயக்கிக்கொள்ளலாம். வெளியூர் கிளம்பும் முந்தைய இரவு மட்டும் முழுதாக ஏற்றினால் போதும். நீங்கள் அளந்த நேரம், முதல் படியில் தாளில் எழுதிய தேவைக்குக் கீழே இருந்தால், அமைப்புகளோடு மேலும் போராட வேண்டாம். பெட்டியும் பில்லும் கையில் இருக்கும்போதே கணினியைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.